கை, கால், வாய் நோய்: கொப்புளத்தை விட்டுவிட்டு வாயைப் பாருங்கள்

குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இந்த நோயோடு வருகிற அம்மாக்கள் குழந்தையின் உள்ளங்கையைத்தான் முதலில் விரித்துக் காட்டுவார்கள். "சிஸ்டர், இது அம்மையா?" என்பார்கள். நான் பதிலுக்குக் கேட்பது, "கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போனான்?" என்பது.

கையிலும் காலிலும் வரும் கொப்புளத்தைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒரு வாரம், பத்து நாளில் தானாக வாடிவிடும். குழந்தையைப் படுக்கையில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய நிலைக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் வாய்க்குள் இருக்கும் புண்தான். விழுங்கினால் வலிக்கிறது என்று பால், தண்ணீர் எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள். சின்ன உடம்பு, ஒரே நாளில் நீர் வற்றிவிடும். அதனால் நான் கீழே சொல்வதில் பாதிக்கு மேல் குடிக்க வைப்பதைப் பற்றித்தான்.

எப்படித் தொடங்கும்

கிருமி உள்ளே போய் 3 முதல் 6 நாளில் லேசான காய்ச்சல் வரும். குழந்தை சோர்ந்து சிணுங்கும், சாப்பாடு வேண்டாம் என்னும். இந்தக் கட்டத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது, சாதாரணக் காய்ச்சல் போலவே இருக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்து வாயில் புண் வரும். அதோடு சேர்ந்தோ மறுநாளோ கை, காலில் புள்ளிகள் தெரியும். 5 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். பெரிய பிள்ளைகளுக்கும், ஏன் அப்பா அம்மாவுக்குமே வரலாம்.

பேசத் தெரியாத குழந்தைக்கு வாய் வலிக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஜொள்ளு திடீரென்று அதிகமாகும், ஏனென்றால் எச்சிலைக்கூட விழுங்கப் பிடிக்காது. அதைவிட நல்ல அடையாளம் ஒன்று இருக்கிறது. பசியோடு பாய்ந்து வந்து பால் குடிக்க ஆரம்பிக்கும், இரண்டு மடக்கு உறிஞ்சியதும் வாயை எடுத்துவிட்டு வீறிட்டு அழும், கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும், மறுபடி விடும். இப்படிச் செய்தால் குழந்தை அடம்பிடிக்கவில்லை. பசி இருக்கிறது, வலி விட மாட்டேன் என்கிறது.

வாயைப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழந்தையைத் தன் நெஞ்சில் முதுகு சாய்கிற மாதிரி மடியில் உட்கார வைத்து, ஒரு கையால் அதன் இரண்டு கைகளையும் அணைத்து, இன்னொரு கையை நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர் டார்ச் அடித்துப் பார்க்கலாம். கரண்டி எதையும் உள்ளே விட வேண்டாம், புண்ணில் பட்டால் அப்புறம் வாயையே திறக்காது. அழும்போது தானாகத் திறக்கும், அந்த ஒரு நொடி போதும். நாக்கின் ஓரம், கன்னத்தின் உட்பக்கம், கீழுதட்டின் உள்பக்கம், மேலண்ணத்தின் பின்பகுதி. இந்த நாலு இடத்தையும் பாருங்கள். முதலில் சிவப்புப் புள்ளி, அது சின்னக் கொப்புளமாகி உடனே உடையும். பிறகு நடுவில் மஞ்சள் கலந்த சாம்பல் நிறமும் சுற்றிலும் சிவப்பு வளையமுமாகப் புண் நிற்கும்.

உள்ளங்கை, உள்ளங்காலில் இருப்பவை வட்டமாக இருக்காது. நெல்மணி போல நீளவாக்கில், தோலின் ரேகை ஓடும் திசையிலேயே படுத்திருக்கும். நடுவில் சாம்பல் நிறம் தெரியும். பெரும்பாலும் அரிக்காது. தொட்டால், நடந்தால் வலிக்கலாம். முழங்கால், முழங்கை, புட்டம் இங்கும் வரும், டயப்பர் புண் என்று நினைத்துவிடுவோம். மாநிறத் தோலில் உடம்பில் உள்ள சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, கொஞ்சம் கருத்த புள்ளியாகத்தான் தெரியும். சந்தேகம் வந்தால் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், அங்கே தோல் வெளுப்பு என்பதால் தெளிவாகத் தெரியும்.

இந்த நோயைத் தருவது ஒரே ஒரு கிருமி அல்ல. என்டரோவைரஸ் என்ற குடும்பத்தில் பல உண்டு. அதிகம் பார்ப்பது காக்ஸாக்கி ஏ16, காக்ஸாக்கி ஏ6, என்டரோவைரஸ் ஏ71. இதில் ஏ6 வந்தால் வாயைச் சுற்றி, கை கால் முழுக்க, பெரிய கொப்புளமாகவும் வரும். ஏற்கெனவே எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய் இருக்கும் குழந்தைக்கு அந்தத் தடிப்புகள் மேலேயே அப்பிக்கொண்டு வரும். படத்தில் பார்த்தது போல இல்லையே என்று குழம்ப வேண்டாம். 2022இல் கேரளத்தில் 'தக்காளிக் காய்ச்சல்' என்று பரபரப்பானதும் இந்த நோயின் ஒரு வடிவம்தான். ஆடு மாடுகளுக்கு வரும் கோமாரிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

வேறு எதுவாகவும் இருக்கலாமா

இருக்கலாம். சின்னம்மை முகத்திலும் நெஞ்சு, முதுகிலும் ஆரம்பித்துப் பரவும், நன்றாக அரிக்கும், தலைமுடிக்குள்ளும் இருக்கும். ஒரே நேரத்தில் புள்ளி, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றும் கலந்து இருக்கும். தட்டம்மை என்றால் கடுமையான காய்ச்சல், இருமல், சளி, கண் சிவப்பு எல்லாம் மூன்று நான்கு நாள் முன்னாலேயே வந்துவிடும். பிறகு காதுக்குப் பின்னால், முடியோரத்தில் தொடங்கிச் சிவப்பு கீழே இறங்கும். தட்டம்மைக் கிருமி காற்றில் 2 மணி நேரம் வரை இருக்கும், அதனால் அந்தச் சந்தேகம் இருந்தால் காத்திருப்பு அறைக்குள் நுழையும் முன்பே மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

ஈறு வீங்கிச் சிவந்து, தொட்டால் ரத்தம் கசிந்து, வாயின் முன்பக்கம் முழுக்கப் புண்ணாக இருந்தால் அது ஹெர்பிஸ் கிருமியாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். அதனால் ஈறையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். காய்ச்சல் 5 நாளாக விடவே இல்லை, உதடு வெடித்துச் சிவந்திருக்கிறது, கண் சிவப்பு, கை கால் வீக்கம் என்றால் கவாசாகி நோயாக இருக்கக்கூடும். இதயத்தைப் பாதிக்கும் நோய் என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொரு சோதனை எல்லா வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடி டம்ளரைப் புள்ளி மேல் வைத்து அழுத்துங்கள். காய்ச்சலும் இருந்து, அழுத்தியும் சிவப்போ ஊதாவோ மறையவில்லை என்றால் உடனே அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். அது மூளைக்காய்ச்சல் கிருமி ரத்தத்தில் கலந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

குடிக்க வைப்பது

முதலில் வலியைக் குறைக்க வேண்டும். பாரசிட்டமாலைக் காய்ச்சலுக்கு மட்டும் என்று எடுத்துவைக்காதீர்கள். காய்ச்சல் விட்ட பிறகும் வாய் வலிக்கிறது என்றால் கொடுக்கலாம். குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 4 முதல் 6 மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் 4 முறைக்கு மேல் வேண்டாம். இங்கேதான் பாட்டிலைப் படிக்க வேண்டும். 10 கிலோ குழந்தைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் தேவை. பாட்டிலில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் 5 மில்லி சரி. 5 மில்லிக்கு 250 என்றால் 2.5 மில்லிதான். ட்ராப்ஸ் பாட்டிலில் 1 மில்லிக்கே 100 மில்லிகிராம் இருக்கும், அதை சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் மூன்று நான்கு மடங்கு ஆகிவிடும். "போன தடவை அரை மூடி கொடுத்தோம்" என்ற கணக்கு வேண்டாம். 3 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்தே வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள்.

ஐபுபுரோஃபென் 6 மாதம் ஆகாத குழந்தைக்கும், சரியாகக் குடிக்காத குழந்தைக்கும் வேண்டாம், சிறுநீரகத்துக்கு நல்லதல்ல. சின்னம்மையாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் கூடாது, கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்கு வழிவகுக்கும்.

மருந்து கொடுத்து அரை மணி நேரம் பொறுங்கள். வலி கொஞ்சம் அடங்கியிருக்கும், அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். கிண்ணம் நிறைய வைத்துக்கொண்டு "குடி, குடி" என்றால் குடிக்காது. ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சை எடுங்கள். முனையைக் கன்னத்தின் உள்பக்கம், பல் வரிசைக்கு வெளியே வைத்து மெதுவாக அழுத்துங்கள். நாக்கில் பீய்ச்சாதீர்கள், தொண்டையை நோக்கி வேகமாக அடித்தால் புரையேறும். ஒரு சிரிஞ்ச் உள்ளே போனதும் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள், பிறகு அடுத்தது. கேட்க ரொம்பக் கொஞ்சமாகத் தோன்றும். ஆனால் மூன்று நிமிடத்துக்கு 5 மில்லி என்றால் ஒரு மணி நேரத்தில் 100 மில்லி. 10 கிலோ குழந்தைக்கு இது நன்றாகவே போதும்.

எதைக் கொடுக்கலாம்? குளிர்ச்சியாக இருப்பதைக் குழந்தை ஏற்றுக்கொள்ளும், குளிர் வலியை மரக்கச் செய்யும். குளிர்ந்த பால், குளிர்ந்த தண்ணீர், ஐஸ்கிரீம் எல்லாம் சரி. சளி பிடிக்கும் என்று பயப்பட வேண்டாம். இந்த மூன்று நாளில் குளிர்ந்தது உள்ளே போவதுதான் முக்கியம். ஓஆர்எஸ் பொடியைப் பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுதாகக் கலக்குங்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் குத்துமதிப்பாகக் கலக்கக் கூடாது. புளிப்பு, காரம், உப்பு, சூடு நான்கையும் தள்ளி வையுங்கள். பழச்சாறு சத்து என்று நினைத்துக் கொடுப்பார்கள், புளிப்பு புண்ணில் பட்டால் எரியும், அதன் பிறகு டம்ளரைப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்ளும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குப் புண்ணில் தேன் தடவவே கூடாது.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். உறிஞ்சினால் வலிக்கிறது என்றால் பீய்ச்சி எடுத்து ஸ்பூனாலோ சிறு கப்பாலோ கொடுங்கள். பாட்டில் ரப்பரும் புண்ணில் உரசும், பாட்டிலில் குடிக்கும் குழந்தைக்கும் கப் நல்லது. கெட்டியான சாப்பாடு மூன்று நான்கு நாள் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. "ஒரு வாய் சாப்பிடவே இல்லை சிஸ்டர்" என்று அழுகிற பாட்டிகளிடம் நான் சொல்வது இதைத்தான்: தண்ணீர் இறங்குதா பாட்டி, அப்ப விடுங்க.

வாய்ப்புண்ணுக்கு மரக்கச் செய்யும் ஜெல் வாங்கித் தடவ வேண்டாம். லிடோகெயின் கலந்தவற்றை விழுங்கிய சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வந்திருக்கின்றன. சாலிசிலேட் கலந்தவை ஆஸ்பிரினின் உறவு. அதே போல ஆன்டிபயாடிக் கேட்டு வற்புறுத்தாதீர்கள். இது வைரஸ், அந்த மருந்து இதைத் தொடாது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். கொப்புளத்தில் சீழ் கோத்து, சுற்றிலும் சூடாக வீங்கினால் மட்டும் வேறு கதை, அப்போது காட்டுங்கள்.

தோலுக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டுங்கள், தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள், நகத்தை வெட்டி வையுங்கள்.

எழுதி வைக்க வேண்டிய ஒரே கணக்கு

ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு முறை சிறுநீர் போகும்போதும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். ராத்திரி யார் விழித்திருந்தாலும் குறிக்கட்டும். இந்தத் தாளோடு வருகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்கு வேலை பாதி முடிந்த மாதிரி. கைக்குழந்தை 6 மணி நேரமாகவும், பெரிய குழந்தை 8 மணி நேரமாகவும் போகவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். இப்போது வரும் டயப்பர்கள் கொஞ்ச ஈரத்தை உறிஞ்சி உலர்ந்தது போலவே காட்டும். உள்ளே ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தை வைத்துவிட்டால் நனைந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாக இருப்பது, அழுதால் கண்ணீர் வராதது, நாக்கு வறண்டு ஒட்டுவது, உச்சிக்குழி பள்ளமாகத் தெரிவது எல்லாம் நீர் வற்றுகிறது என்பதன் அடையாளம்.

உடனே கிளம்ப வேண்டியவை

பெரும்பாலான குழந்தைகள் எந்தச் சிக்கலும் இல்லாமல் தேறிவிடுவார்கள். ஆனால் என்டரோவைரஸ் ஏ71 சில குழந்தைகளுக்கு மூளையையும் இதயத்தையும் தாக்கும். 1997இல் மலேசியாவின் சரவாக்கிலும் 1998இல் தைவானிலும் பரவியபோது பல சிறு குழந்தைகள் இறந்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து மருத்துவர்கள் தெரிந்துகொண்ட ஒன்று, முதல் சில நாட்களிலேயே எச்சரிக்கை அடையாளங்கள் தெரிந்துவிடும் என்பது. கொப்புளம் கொஞ்சமாக இருக்கிறதே என்று நிம்மதி அடையக் கூடாது, அதன் எண்ணிக்கைக்கும் ஆபத்துக்கும் சம்பந்தம் இல்லை.

தூங்கும்போது திடுக்திடுக்கென்று கை கால் உதறி விழிப்பதுதான் நான் பெற்றோரிடம் அழுத்திச் சொல்வது. எப்போதாவது ஒருமுறை எல்லாக் குழந்தையும் திடுக்கிடும். கண் அயரும் போதெல்லாம், திரும்பத் திரும்ப வந்தால் அது வேறு. முடிந்தால் போனில் வீடியோ எடுத்து வாருங்கள், எங்கள் முன்னால் வந்ததும் குழந்தை செய்யாது. நடை தள்ளாடுவது, கை நடுங்குவது, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடப்பது, விடாத வாந்தி, காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் நிற்பது அல்லது 3 நாளைத் தாண்டுவது, மூச்சு வாங்குவது, கை கால் சில்லிட்டு வெளிறி வேர்ப்பது, கழுத்து விறைப்பு, வலிப்பு. இதில் எது இருந்தாலும் நள்ளிரவானாலும் கிளம்புங்கள். 3 மாதத்துக்குள் இருக்கும் குழந்தையையும், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தையையும் அடையாளம் எதுவும் இல்லாமலே காட்டிவிடுவது நல்லது.

ஏ71க்கு எதிரான தடுப்பூசி சீனாவில் 2016 முதல் போடப்படுகிறது. மற்ற வைரஸ்களால் வருவதை அது தடுக்காது.

வீட்டில் மற்றவர்களுக்குப் பரவாமல்

எச்சில், சளி, கொப்புள நீர், மலம் நான்கிலும் கிருமி இருக்கும். முதல் வாரம் அதிகமாகப் பரவும். குழந்தை தேறிய பிறகும் மலத்தில் பல வாரம் வந்துகொண்டே இருக்கும், இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். டயப்பர் மாற்றிய ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுங்கள். சானிடைசரை நம்பி இருக்காதீர்கள், இந்த வகைக் கிருமிக்கு மேல் கொழுப்பு உறை இல்லாததால் ஆல்கஹால் சரியாக வேலை செய்யாது.

வாயில் வைக்கும் பொம்மை, கதவுக் கைப்பிடி, டயப்பர் மாற்றும் இடம் ஆகியவற்றை முதலில் சோப்பு நீரால் துடையுங்கள். அப்புறம் 5 சதவீதம் ஹைப்போகுளோரைட் உள்ள ப்ளீச் 1 பங்குக்கு 49 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, 15 நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள். ப்ளீச்சோடு வேறு எந்தக் கிளீனரையும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். துண்டு, டம்ளர், ஸ்பூன் தனியாக இருக்கட்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், அதிலும் பிரசவம் நெருங்கியிருந்தால், டயப்பர் வேலையை வேறு யாராவது செய்யுங்கள். அவருக்குக் காய்ச்சலோ புண்ணோ வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கு எப்போது அனுப்பலாம்? காய்ச்சல் விட்டிருக்க வேண்டும், ஜொள்ளு வழியாமல் நன்றாகச் சாப்பிட வேண்டும், நீர்க்கொப்புளங்கள் காய்ந்திருக்க வேண்டும். சில பள்ளிகள் தனி விதி வைத்திருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியும் நோய் வந்ததைப் பள்ளியிடமும் காப்பகத்திடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சங்கடப்பட எதுவும் இல்லை. மற்ற பெற்றோரும் தங்கள் குழந்தையின் வாயை அன்றே பார்த்துக்கொள்வார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு

ஒன்றிரண்டு வாரத்தில் உள்ளங்கை, விரல் நுனியில் தோல் உரியலாம். வலிக்காது. ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து நகத்தின் அடியில் குறுக்காக ஒரு கோடு விழுந்து, பழைய நகம் கழன்று வரவும் செய்யும். நோயையே மறந்திருப்போம், நகம் ஏன் விழுகிறது என்று சத்துக் குறைபாடு வரைக்கும் போய்ப் பரிசோதனை செய்துவிடுவார்கள். காய்ச்சல் நாட்களில் நக வேர் கொஞ்சகாலம் வளர்வதை நிறுத்தியிருக்கும், அதன் விளைவுதான் இது. கழன்றதைப் பிடித்து இழுக்காதீர்கள், எங்காவது மாட்டாதபடி விளிம்பை மட்டும் வெட்டி விடுங்கள். அடியில் புது நகம் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கும், சில மாதத்தில் முழுதாக வந்துவிடும்.

அடுத்த வருடமே திரும்ப வந்தாலும் முதல் தடவை தவறாகச் சொல்லிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு வகைக்கு உண்டான எதிர்ப்பு சக்தி இன்னொரு வகையைத் தடுக்காது. அப்போதும் டார்ச்சை எடுத்து வாயைப் பாருங்கள், தாளை எடுத்து மணியைக் குறியுங்கள்.